முதலில் தாயைப் பிடியுங்கள்

அடுக்குமாடிக் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில், பழைய அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால், மூன்று குட்டிகள் கத்திக்கொண்டிருக்கின்றன. கண் இன்னும் முழுசாகத் திறக்கவில்லை. தாயைக் காணோம். பார்த்தவர்களுக்கு மனம் கேட்காது. ஒருவர் கிண்ணத்தில் பாலோடு வருகிறார். இன்னொருவர் துண்டில் சுற்றி வீட்டுக்குத் தூக்கிப் போகிறார். இரண்டும் இரக்கத்தால் செய்கிற வேலைதான். ஆனால் அந்தக் குட்டிகள் பிழைக்கிற வாய்ப்பைப் பல நேரம் குறைப்பதும் இவைதான்.

தாய் ஓடிப்போயிருக்காது, தீனி தேடப் போயிருக்கும். பால் கொடுக்கிற பூனைக்கு மற்ற நாட்களைவிட இரண்டு மூன்று மடங்கு உணவு வேண்டும். தெருவில் அதைத் தேடிச் சேர்க்க மணிக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். திரும்பி வந்தாலும் குட்டிகளைச் சுற்றி நாலு பேர் நின்றால் கிட்டே வராது. பத்தடி தள்ளி ஏதாவது ஒரு காருக்கு அடியில் படுத்துக்கொண்டு, இவர்கள் எப்போது போவார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒற்றைக் குட்டி மட்டும் கிடந்தால் இன்னும் கவனம் வேண்டும். தாய்ப்பூனை இடம் மாற்றும்போது ஒவ்வொரு குட்டியாகத்தான் கழுத்துத் தோலைக் கவ்வித் தூக்கிப் போகும். நாம் பார்ப்பது அடுத்த நடைக்காகக் காத்திருக்கும் கடைசிக் குட்டியாக இருக்கலாம். அந்த நேரம் பார்த்து அதைத் தூக்கிப் போனால், இரக்கத்தின் பெயரால் தாயையும் பிள்ளையையும் பிரித்ததாகத்தான் ஆகும்.

பூனை மீட்பில் பழகியவர்கள் கையாளும் வழி ஒன்று உண்டு. குட்டிகள் கிடக்கும் இடத்தைச் சுற்றி மாவை மெல்லிசாகத் தூவிவிட்டு விலகிப் போய்விடுவார்கள். சில மணி நேரம் கழித்து வந்து பார்ப்பார்கள். மாவில் பாதத் தடம் இருந்தால் தாய் வந்துபோயிருக்கிறது. குட்டிகளின் வயிறும் சொல்லிவிடும்: உருண்டு திரண்டு, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு தூங்கினால் பால் குடித்திருக்கின்றன என்று பொருள். வயிறு ஒட்டி, உடம்பு சில்லிட்டு, விடாமல் கத்தினால்தான் கை வைக்க வேண்டும். மனித வாடை பட்டால் தாய் குட்டியை ஒதுக்கிவிடும் என்று சொல்வதெல்லாம் சும்மா. சாலையோரத்திலோ நீர் ஏறும் வடிகாலிலோ கிடக்கும் குட்டியைப் பக்கத்திலேயே மேடான இடத்துக்கு மாற்றி வைப்பதால் ஒரு கேடும் வராது.

தாய் வரவே இல்லை என்று உறுதியானால், அடுத்து என்ன செய்வது? இங்கேதான் பெரும்பாலோர் வரிசையை மாற்றிப் போடுகிறார்கள். முதலில் வேண்டியது சூடு. பால் அதற்குப் பிறகு.

பிறந்த குட்டியின் எடை ஏறக்குறைய 100 கிராம். உடல் வெப்பம் 35, 36 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். வளர்ந்த பூனைக்கு அது 38-க்கு மேல். முதல் வாரத்தில் குட்டிக்கு நடுங்கக்கூட வராது. நடுக்கம் என்பது தசைகளை உதறிச் சூடு உண்டாக்கும் ஏற்பாடு, அது இன்னும் அந்த உடம்பில் அமையவில்லை. தாயின் வயிறும் கூடப் பிறந்தவற்றின் உடம்பும்தான் அதற்கு அடுப்பு. அது இல்லாமல் சில்லிட்டுப்போன குட்டியின் குடல் அசைவு மந்தமாகி நின்றுவிடும். அப்போது பாலை ஊற்றினால் செரிக்காமல் வயிற்றிலேயே தங்கும். சோர்ந்த குட்டிக்கு விழுங்கவும் தெம்பு இருக்காது என்பதால், பால் மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடுவதும் உண்டு. ஆகவே வெந்நீர் நிரப்பிய போத்தலைத் துணியில் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைக்க வேண்டும். மறுபக்கம் ஆறியே இருக்கட்டும். சூடு அதிகமானால் குட்டி தானாக ஊர்ந்து விலகிக்கொள்ள இடம் வேண்டும்.

உடம்பு கதகதப்பான பிறகு பால். அதுவும் பசும்பால் வேண்டாம். பூனைப் பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. பசும்பாலின் லாக்டோஸ் குட்டியின் வயிற்றைக் கலக்கிவிடும். 100 கிராம் உடம்பில் ஒரு நாள் வயிற்றுப்போக்கு என்பது உயிர் போகிற விஷயம். பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால்மாவு கால்நடை மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்து ஊட்டுவது படத்தில் அழகாக இருக்கும், நிஜத்தில் ஆபத்து. தாயிடம் எப்படிக் குடிக்குமோ அப்படியே, வயிறு கீழே இருக்கக் குப்புறப் படுக்கவைத்து, தலையை லேசாக உயர்த்தி ஊட்ட வேண்டும். முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும்தான். ஊட்டிய பின்னும் வேலை முடியாது. மூன்று வாரம் வரை குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கத் தெரியாது. தாய் நக்கி நக்கித்தான் அதை வரவைக்கும். தாய் இல்லாத இடத்தில் ஈரப் பஞ்சால் மெல்ல வருடிவிடுவதை மனிதர்தான் செய்ய வேண்டும்.

சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் போதும், குட்டி தேறுகிறதா இல்லையா என்று அன்றன்றைக்கே தெரிந்துவிடும். நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் வெளியே எந்த அறிகுறியும் தெரியாவிட்டாலும் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டிய நேரம் அது. வயதைக் கணிப்பதும் கடினமில்லை. கண் திறப்பது ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள். மடிந்திருக்கும் காது நிமிர்ந்து, முன்பல் எட்டிப் பார்க்க மூன்று வாரம். அடுத்த ஓரிரு வாரத்தில் ஓடிப் பிடித்து விளையாட ஆரம்பித்துவிடும். எல்லாக் குட்டியும் நீலக் கண்ணோடுதான் பிறக்கிறது என்பதால் கண் நிறத்தைப் பார்த்து இனம் சொல்ல முயல வேண்டாம்.

வயதைத் தெரிந்துகொள்ள இன்னொரு காரணமும் உண்டு. ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் எய்லீன் கார்ஷ் என்ற உளவியலாளர் 1980-களில் குட்டிகளைப் பல வயதுகளில் கையில் எடுத்துப் பழக்கிப் பார்த்தார். இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை மனிதக் கை பட்ட குட்டிகள் வளர்ந்தபின் மனிதரிடம் ஒட்டிக்கொண்டன. அந்தச் சாளரம் மூடிய பிறகு பழக்குவது மிகக் கடினம். தெருவில் நாலு மாதம் வளர்ந்து, ஆளைப் பார்த்தாலே சீறும் பூனையை வீட்டுக்குள் அடைத்தால் அது சந்தோஷப்படாது, சிறையிலிருப்பதாகத்தான் நினைக்கும். எந்தக் குட்டிக்கு வீடு தேடுவது, எந்தப் பூனையைத் தெருவிலேயே விட்டுப் பார்த்துக்கொள்வது என்ற முடிவு அந்த வார எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

இத்தனை பாடுபட்டு மூன்று குட்டிகளைக் காப்பாற்றும்போது, அந்த மாடிப்படித் தாய் என்ன செய்துகொண்டிருக்கும்? அநேகமாக அடுத்த ஈற்றுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும்.

பூனையின் இனப்பெருக்கம் ஒரு விசித்திரமான ஏற்பாடு. பெண்பூனைக்குக் கருமுட்டை மாதாமாதம் தானாக வெளிப்படுவதில்லை. கடுவனோடு சேரும்போது உண்டாகும் தூண்டல் மூளைக்குப் போய், அங்கிருந்து ஹார்மோன் பாய்ந்து, அதன் பிறகே முட்டை வெளிவரும். அதாவது சேர்க்கை நடக்கும்வரை முட்டை காத்திருக்கும், வீணாகாது. ஒரே பருவத்தில் பல கடுவன்களோடு சேர்வதால் ஒரு ஈற்றுக் குட்டிகளுக்கு வேறு வேறு தந்தைகள் இருப்பதும் சகஜம். சினைக்காலம் 63 முதல் 65 நாள். நாலு மாத வயதிலேயே சினைப்படும் பூனைகள் உண்டு, மனிதக் கண்ணுக்கு அது இன்னும் குட்டி. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாவதும் நடக்கும்.

குளிர்நாடுகளில் இதற்கு ஒரு கடிவாளம் உண்டு. பகல் நீளும்போதுதான் பூனை பருவத்துக்கு வரும். பகல் சுருங்கினால் மூளையில் மெலடோனின் கூடி, அந்த இயந்திரம் சில மாதம் ஓய்ந்துவிடும். வெப்பநாடான சிங்கப்பூரில் அந்தக் கடிவாளம் இல்லை. அது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்றேகால் பாகையில் இருக்கிறது. அங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் பத்து நிமிட வித்தியாசம்கூடக் கிடையாது. ஆகவே அங்கே குட்டிக்காலம் என்று தனியாக ஒன்றில்லை. ஆண்டு முழுக்கக் குட்டிக்காலம்தான்.

அதற்காகப் பூனைகள் கட்டுக்கடங்காமல் பெருகி ஊரையே நிறைத்துவிடும் என்பதும் சரியல்ல. ஒரு ஜோடிப் பூனை ஏழே ஆண்டில் 4,20,000 பூனையாகும் என்ற கணக்கு உலகம் முழுக்கத் துண்டுப்பிரசுரங்களில் சுற்றுகிறது. குட்டிகள் சாகும் என்பதையே மறந்துபோன கணக்கு அது. அமெரிக்காவின் வட கரோலினாவில் ஃபெலிசியா நட்டரும் சக ஆய்வாளர்களும் தெருப்பூனைகளைப் பின்தொடர்ந்து 2004-இல் வெளியிட்ட ஆய்வு உண்மை நிலவரத்தைச் சொல்கிறது. ஒரு பெண்பூனை ஆண்டுக்குச் சராசரியாக 1.4 ஈற்று, ஈற்றுக்கு மூன்று குட்டி அளவில் போட்டது. அவர்கள் கவனித்த 169 குட்டிகளில் 127 ஆறு மாதம் முடிவதற்குள் செத்தன, அல்லது காணாமல் போயின. நாலில் மூன்று. காரணம் தெரிந்த சாவுகளில் அதிகம் விபத்தும் கடியுமான காயங்களால் நேர்ந்தவை.

தெருப்பூனைகளைப் பற்றிய பேச்சில் நினைவில் வைக்க ஒரே ஒரு எண் போதும் என்றால் அது இந்த நாலில் மூன்றுதான். தெருவில் பூனைகள் எண்ணிக்கை நிலையாகத் தெரிகிறதென்றால், பிறப்பதும் சாவதும் சமமாக நடக்கிறது என்று அர்த்தம். நாம் பார்ப்பது பிழைத்ததை மட்டும். பிறக்காமல் தடுக்கப்பட்ட ஒவ்வொரு ஈற்றும் வடிகாலிலோ சக்கரத்தின் கீழோ முடிந்திருக்கக்கூடிய சில சாவுகளைத் தடுக்கிறது. புட்டிப்பால் ஊட்டிய எத்தனையோ இரவுகளைவிடத் தாய்க்குச் செய்யும் அரைமணி நேர அறுவை அதிகக் குட்டிகளைத் துன்பத்திலிருந்து காப்பது இதனால்தான்.

சிங்கப்பூர் இந்தப் பாடத்தைக் கற்றதும், மறந்ததும், மீண்டும் கற்றதும் ஒரு நல்ல கதை. அந்நாட்டு மக்களில் பெரும்பாலோர் வாழும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில், அதாவது வீவக வீடுகளில், 1989-இலிருந்து பூனை வளர்க்கத் தடை இருந்தது. நாய்க்கு அனுமதி உண்டு, குறிப்பிட்ட சில சிறிய இனங்களில் ஒன்று. பூனைக்கு இல்லை. வீட்டுக்குள் அடங்கி இருக்காது, முடி உதிரும், கண்ட இடத்தில் கழிக்கும், கத்தும் என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். கடைசி இரண்டும் முக்கியமாகக் கருத்தடை செய்யாத பூனைகளின் குணங்கள் என்பது கவனிக்கத்தக்கது.

1998-இல் அரசே ஒரு திட்டம் கொண்டுவந்தது: தெருப்பூனைகளைப் பிடித்துக் கருத்தடை செய்து, அதே இடத்தில் விட்டு, பக்கத்துத் தொண்டர்கள் பார்த்துக்கொள்வது. அடுத்த ஆண்டு பூனைகள் நலச் சங்கம் உருவானது. வேலை நடந்துகொண்டிருந்தபோது 2003-இல் சார்ஸ் தொற்றுநோய் வந்தது. பூனைக்கு அந்தக் கிருமி தொற்றக்கூடும் என்று ஆய்வகச் சோதனை ஒன்று அதே ஆண்டு காட்டியது உண்மை. ஆனால் தெருப்பூனையிடமிருந்து மனிதருக்கு சார்ஸ் பரவியதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. பயத்துக்கு அந்த நுணுக்கமெல்லாம் தெரியாது. துப்புரவு என்ற பெயரில் பூனைகள் பிடித்துக் கொல்லப்பட்டன. கருத்தடைத் திட்டமும் கைவிடப்பட்டது. ஏற்கெனவே கருத்தடை செய்து காதில் அடையாளமிட்ட பூனைகளும் அதில் போயின என்று தொண்டர்கள் கொதித்தார்கள்.

பிடித்துக் கொன்றால் எண்ணிக்கை குறையும் என்று தோன்றுவது இயல்பு. டாஸ்மேனியாவின் தென்பகுதியில் பில்லி லேசன்பியும் சக ஆய்வாளர்களும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டு காட்டிடங்களில் ஓராண்டுக்கு மேல் பூனைகளைப் பிடித்து அகற்றிக்கொண்டே, தானியங்கிக் கேமராக்களில் எண்ணினார்கள். 2015-இல் வெளியான முடிவு: எண்ணிக்கை ஓரிடத்தில் 75 விழுக்காடு, இன்னோரிடத்தில் 211 விழுக்காடு கூடியிருந்தது. இடத்தைப் பிடித்துவைத்திருந்த வலுவான பூனைகள் போனதும், சுற்றுவட்டாரத்து இளம் பூனைகள் உள்ளே நுழைந்துவிட்டன என்பது அவர்கள் தரும் விளக்கம். வேலி போட்ட இடத்திலோ சிறு தீவிலோ முற்றிலும் அகற்றுவது வேறு சங்கதி. திறந்த ஊரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிடித்துப் பயனில்லை.

சிங்கப்பூரும் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்தது. 2011-இல் கருத்தடைத் திட்டம் மறுபடி தொடங்கியது. 2012-இல் ஈசூன் வட்டாரத்தின் சோங் பாங்கில், அத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரான அமைச்சர் கா. சண்முகத்தின் முயற்சியில், வீவக வீட்டில் பூனை வளர்க்க முன்னோட்ட அனுமதி கிடைத்தது. கருத்தடையும், பூனையை அடையாளம் காட்டும் நுண்சில்லும் கட்டாயம் என்பது நிபந்தனை. அந்தச் சின்ன வட்டாரத்தில் வானம் இடிந்து விழவில்லை. கடைசியில் 2024 செப்டம்பர் 1 முதல் தடை நாடு முழுவதும் நீங்கியது. வீவக வீட்டுக்கு இரண்டு பூனை வரை, ஒவ்வொன்றுக்கும் உரிமமும் நுண்சில்லும் வேண்டும். ஏற்கெனவே அதிகம் வைத்திருப்பவர்கள் பதிந்துகொள்ள 2026 ஆகஸ்ட் 31 வரை சலுகைக் காலம் தந்தார்கள். வருமானம் குறைந்த வீடுகளின் பூனைகளுக்குக் கருத்தடை செய்ய உதவியும் உண்டு. தெருப்பூனைச் சிக்கலின் ஊற்று வீட்டுக்குள்தான் இருக்கிறது என்பதை அந்த உதவி ஒப்புக்கொள்கிறது. கருத்தடை செய்யாத வீட்டுப்பூனை வெளியே போட்ட குட்டியும், வீடு மாறும்போது விட்டுச்சென்ற பூனையும்தான் அடுத்த தலைமுறைத் தெருப்பூனைகள்.

ரோம் நகரம் இதை அனுபவத்தில் கண்டது. இத்தாலியில் 1991-இலிருந்து தெருப்பூனைகளைக் கொல்ல முடியாது, சட்டம் தடுக்கிறது. யூஜீனியா நத்தோலியும் சக ஆய்வாளர்களும் ரோமில் பத்தாண்டில் 8,000 பூனைகள் அளவில் கருத்தடை செய்யப்பட்டதை ஆராய்ந்து 2006-இல் எழுதினார்கள். எண்ணிக்கை இறங்கத்தான் செய்தது. ஆனால் அந்தக் கூட்டங்களில் 21 விழுக்காடு பூனைகள் புதிதாக வந்து சேர்ந்தவை, பெரும்பாலும் யாரோ கொண்டுவந்து விட்டவை. கைவிடுவதை நிறுத்தாமல் கருத்தடை மட்டும் செய்வது காசுக்கும் உழைப்புக்கும் கேடு என்று அவர்கள் கறாராகவே சொல்லிவிட்டார்கள்.

சரியாகச் செய்தால் என்ன ஆகும்? மத்திய புளோரிடா பல்கலைக்கழக வளாகத்தில் 1991-இல் தொண்டர்கள் வேலையைத் தொடங்கினார்கள். 11 ஆண்டில் அவர்கள் கையில் வந்தவை 155 பூனைகள். 1995-க்குப் பிறகு வளாகத்தில் ஒரு குட்டியும் பிறந்ததாகக் காணப்படவில்லை. 1996-இல் 68 பூனைகள் இருந்த இடத்தில் 2002-இல் 23. இந்த ஆய்வை ஜூலி லெவியும் சக ஆய்வாளர்களும் 2003-இல் வெளியிட்டார்கள். இதில் எளிதாகக் கண்ணில் படாமல் போகும் விவரம் ஒன்று உண்டு: அந்தப் பூனைகளில் ஏறக்குறைய பாதிக்கு வீடு கிடைத்தது. கருத்தடையும் தத்தும் கைகோத்ததால்தான் சரிவு அவ்வளவு வேகம்.

எவ்வளவு பூனைக்குச் செய்தால் போதும் என்ற கேள்விக்கு நல்ல பதில் இஸ்ரேலின் ரிஷோன் லெட்சியோன் நகரிலிருந்து வந்தது. இடித் குந்தரும் குழுவினரும் நகரத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, 12 ஆண்டுகள் எண்ணிப் பார்த்து 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். நகரின் பாதியில் மட்டும் தீவிரமாகக் கருத்தடை செய்த காலத்தில் எண்ணிக்கை அசையவில்லை. பக்கத்துப் பகுதியிலிருந்து கருத்தடை ஆகாத பூனைகள் வந்து நிரப்பிக்கொண்டே இருந்தன. நகரம் முழுக்க விட்டுப்போகாமல், பத்தில் ஏழு பூனைக்கும் மேல் செய்தபிறகே ஆண்டுக்கு 7 விழுக்காடு அளவில் இறங்கியது. அதிலும் ஒரு வில்லங்கம்: போட்டி குறைந்ததால், பிறந்த கொஞ்சக் குட்டிகள் முன்பைவிட நன்றாகப் பிழைத்தன.

ஊரிலுள்ள நல்ல மனிதர்கள் ஆளுக்கொரு தெருவில் ஆண்டுக்கு இரண்டு பூனையைப் பிடித்துக் கருத்தடை செய்தால், அந்தப் பூனைகளுக்கு நன்மைதான். எண்ணிக்கை மட்டும் அப்படியே இருக்கும். அதே உழைப்பை ஒரே தெருவில், ஒரே புளோக்கில் கொட்டி, அங்கே மிச்சம் வைக்காமல் முடித்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போனால்தான் கணக்கு மாறும். இது கேட்க உற்சாகமாக இல்லை. ஒரு தெருவை முடிக்கும்வரை அடுத்த தெருவின் குட்டிகளுக்கு "இப்போது முடியாது" என்று சொல்ல வேண்டிவரும். இருந்தும் ஆய்வுகள் காட்டும் வழி அதுதான்.

பிடிப்பது எப்படி? எல்லாப் பூனைக்கும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் தீனி வைத்துப் பழக்குவது முதல் படி. சில நாள் பார்த்தால் எத்தனை பூனை, எது பெண், எது சினை என்று பட்டியல் தயாராகிவிடும். கறுப்பும் செம்மஞ்சளும் வெள்ளையும் கலந்த மூவண்ணப் பூனை கிட்டத்தட்ட எப்போதுமே பெண். செம்மஞ்சள் நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. கறுப்பும் செம்மஞ்சளும் ஒரே உடம்பில் தெரிய இரண்டு எக்ஸ் வேண்டும். முழுச் செம்மஞ்சள் பூனைகளில் ஐந்தில் நான்கு ஆண் என்பதும் இதே காரணத்தால்தான். அந்த மரபணு எது என்பதை ஜப்பானிய, அமெரிக்க ஆய்வாளர்கள் தனித்தனியே கண்டு 2025-இல்தான் உறுதி செய்தார்கள். கூண்டு ஒன்றுதான் கையில் இருக்கிறது, பூனை ஆறு இருக்கிறது என்றால், மூவண்ணத்தை முதலில் பிடிப்பது புத்திசாலித்தனம்.

   

பிடிக்கும் நாளுக்கு முந்தைய வேளை தீனியை நிறுத்திவிடுவார்கள். பசி இருந்தால்தான் கூண்டுக்குள் கால் வைக்கும். மயக்க மருந்துக்கும் வெறும் வயிறு நல்லது. நீளக் கம்பிக் கூண்டின் கடைசியில் மத்தி மீன். பூனை அதை நோக்கிப் போய் நடுவிலுள்ள தகட்டை மிதித்ததும் கதவு படாரென்று விழும். அந்த நொடியில் பூனை கூண்டையே உதறித் துள்ளும், மூக்கைக் கம்பியில் இடித்துக்கொள்ளும். கனமான துணியைக் கூண்டின் மேல் போர்த்தினால் அரை நிமிடத்தில் சத்தம் அடங்கிவிடும். இருட்டு பூனைக்குப் பாதுகாப்பு. மருத்துவமனையில் பெண்பூனைக்குச் சினைப்பையும் கருப்பையும் அகற்றுவார்கள். மயக்கத்தில் இருக்கும்போதே இடது காதின் நுனியை ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நேர்க்கோடாக வெட்டிவிடுவார்கள். தூரத்திலிருந்தே தெரியும் அடையாளம் அது. இல்லையென்றால் அதே பூனையை மறுபடி பிடித்து, மறுபடி வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டியதாகிவிடும். ஜப்பானில் காதில் ஆங்கில வி எழுத்தைப் போல ஒரு கொத்து, ஆணுக்கு வலது காது, பெண்ணுக்கு இடது. செர்ரி மலரின் இதழ் போலிருப்பதால் அவற்றை சகுரா பூனை என்கிறார்கள்.

அறுவைக்குப் பிறகு அண்டைவீட்டாரின் புகார்களில் பாதி தானாகவே குறையும். நள்ளிரவில் குழந்தை அழுவது போன்ற அந்த ஓலம் பருவத்துக்கு வந்த பெண்பூனையுடையது. பின்னணியில் சண்டையிடுவது கடுவன்கள். கடுவனின் மூத்திர நெடிக்குக் காரணம் ஃபெலினின் என்ற கந்தகம் கலந்த வேதிப்பொருள். அதன் உற்பத்தி ஆண் ஹார்மோனைப் பொறுத்தது. விதை நீக்கினால் ஹார்மோன் இறங்கும், நெடியும் இறங்கும். சுவர்களில் பீச்சியடிப்பதையும் பெரும்பாலான கடுவன்கள் விட்டுவிடும்.

தீனி விஷயத்தில் நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பால்சோறும் தயிர்சோறும் பூனைக்கு வயிறு நிறைக்கும், உடம்பு தேற்றாது. டாரின் என்ற பொருளைப் பூனையால் போதுமான அளவு உடலில் செய்துகொள்ள முடியாது, இறைச்சியிலிருந்தோ மீனிலிருந்தோதான் வர வேண்டும். அது குறைந்தால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும், இதயத் தசை தளரும். குழம்பு கலந்த சோறு இன்னும் மோசம், வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். காய்ச்சல் என்று யாராவது பாராசிட்டமால் கொடுத்தால் முடிந்தது கதை. அம்மருந்தை உடைத்து வெளியேற்றும் ஈரல் வழி பூனைக்குப் பெயரளவுக்குத்தான் உண்டு, ஒரு மாத்திரையே கொன்றுவிடும். தீனியை நேரம் குறித்து வைத்து, அரைமணியில் மிச்சத்தை எடுத்து, இடத்தைக் கழுவிவிட்டால் எலியும் கரப்பானும் சேராது. துப்புரவுப் பணியாளரின் கோபமும் சேராது. பூனைக்கு விரோதிகள் உண்டாவது பெரும்பாலும் காய்ந்துபோன தீனித்தட்டுகளால்தான்.

நோய் பற்றிய பயத்தைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும். டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணியின் முட்டைகளைப் பூனை பொதுவாக முதல்முறை தொற்றியபோது மட்டும், ஒன்றிலிருந்து மூன்று வாரம் வெளியேற்றும். அவை தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். கழிவை அன்றன்று அகற்றினால், அதுவும் கர்ப்பிணிகள் அல்லாதவர்கள் கையுறையோடு அகற்றினால், ஆபத்து சொற்பம். சிங்கப்பூரில் 1953-இலிருந்து ரேபிஸ் இல்லை. இந்தியாவில் நிலைமை வேறு. பூனை கடித்தாலோ கீறினாலோ சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டுத் தடுப்பூசிக்குப் போக வேண்டும், குட்டி என்றாலும். குட்டிகளுக்கிடையே பரவும் பேன்லுகோபீனியா வேறு ஒரு பேய். அந்த வைரஸ் ஓர் அறையில் ஓராண்டு வரை உயிரோடு கிடக்கும். குட்டிகள் அடுத்தடுத்து இறந்த பெட்டியிலும் துணியிலும் புதுக் குட்டியை வைப்பது அதையும் பலிகொடுப்பதற்குச் சமம்.

பறவை ஆர்வலர்களின் குறையைத் தட்டிக்கழிக்க முடியாது. அமெரிக்காவில் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி பறவைகளைக் கொல்கின்றன என்று 2013-இல் வந்த மதிப்பீடு சொல்கிறது. அதில் பெரும்பங்கு வீடில்லாப் பூனைகளுடையது. கருத்தடை செய்த பூனையும் வேட்டையாடத்தான் செய்யும். கூடு கட்டும் பறவைகள் நிறைந்த சதுப்புநிலத்துக்குப் பக்கத்தில் பூனைக்குத் தீனி வைப்பதை எந்தப் பூனைப் பிரியரும் நியாயப்படுத்தக் கூடாது. அங்கே பிடித்த பூனையை அங்கேயே விடுவதும் சரியாகாது, வேறு வழி தேடத்தான் வேண்டும்.

ஒரு தெருவை முடிப்பதில் மிகக் கஷ்டம் கடைசிப் பூனைதான். முதல் நாலைந்து பசியால் தாமாகக் கூண்டுக்குள் போய்விடும். மற்றவை விழுந்த கதவின் சத்தத்தைக் கேட்டுப் பாடம் கற்றிருக்கும். மிஞ்சுவது பெரும்பாலும் பலமுறை குட்டி போட்ட, எதையும் நம்பாத ஒரு தாய். அதை விட்டுவிட்டால் ஓராண்டில் பழைய நிலைக்கே வந்துவிடலாம். அதற்காகத் தொண்டர்கள் வேறு கூண்டு வைத்திருக்கிறார்கள்: அடியில்லாத பெரிய வலைச்சட்டம், ஒரு பக்கம் குச்சியால் முட்டுக்கொடுத்து நிற்கும், கீழே தீனி, குச்சியில் கட்டிய கயிற்றைத் தூரத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதற்கும் மசியாத தாயென்றால் குட்டிகளை ஒரு சின்னக் கூடையில் வைத்து, கூடையைப் பொறிக்கூண்டின் பின்பக்கம் ஒட்டி வைத்து, இரண்டையும் சேர்த்துத் துணியால் மூடுவார்கள். குட்டிகளின் குரல் வரும் ஒரே வழி கூண்டின் வாசலாக இருக்கும். மீனுக்கு வராத பூனை அதற்கு வந்துவிடும். பால் கொடுக்கும் தாய் என்பதால் அறுவை முடிந்து தெளிந்ததும் ஒரே நாளில் குட்டிகளோடு சேர்த்துவிட வேண்டும். தையல் போட்ட வயிற்றோடும் அது பால் கொடுக்கும். குட்டிகள் எட்டு வாரம் தாண்டி ஒரு கிலோ எடை வந்ததும் அவற்றுக்கும் முறை வரும்.